பொலிக்ஸேனியின் பாட்டிலில் தண்ணீர்

காலையில் நூற்றிருபது நானோமீட்டர், மத்தியானம் இருநூறு, மறுநாள் எண்பது. எல்லாம் ஒரே ஊஸோதான், எங்கள் கிரேக்க நாட்டுச் சோம்பு சாராயம். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

மித்திலினி ஆய்வகத்தில் பதினெட்டு வருடமாக லேசர் கருவியை ஓட்டுகிறவன் நான். கலங்கலில் மிதக்கும் துகள்களில் பட்டு ஒளி சிதறும். அந்த ஒளி எத்தனை வேகமாகத் துடிக்கிறது என்று பார்த்துக் கருவி அளவைச் சொல்லிவிடும். தண்ணீர் பட்டதும் ஊஸோ பால்போல் வெளுக்கிறதே, அந்தத் துளிகளின் அளவுதான் பொலிக்ஸேனியின் முனைவர் பட்ட ஆய்வு. ஊஸோவில் அவள் அளந்து தண்ணீர் கலந்து பாட்டிலில் கொடுப்பாள், நான் கருவியில் வைப்பேன். ஆறு மாதமாக எந்த இரண்டு எண்ணும் ஒத்துப்போகவில்லை. அவள் தன் கையையே சந்தேகப்பட்டாள். நான் கருவியைச் சந்தேகப்பட்டு ஒருநாள் உதைத்தும் பார்த்தேன்.

வியாழக்கிழமை, ஆய்வை விடுவதாகக் கடிதம் எழுதிப் பேராசிரியர் மேசையில் வைத்துவிட்டாள். அவர் மூன்று மணிக்கு வருவார். மனசு கேட்காமல் அவளைத் துறைமுகத்துக்குச் சாப்பிடக் கூட்டிப்போனேன். மத்தி மீன் வந்தது, ஊஸோ வந்தது. அவள் கிளாஸில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றினேன்.

"ஸ்ட்ராதோ, என்ன பண்றீங்க? எனக்குத் தண்ணி கொஞ்சம்தான். இவ்வளவு ஊத்தினா அது வேற சரக்காயிடும்."

என் கை அப்படியே நின்றது. கலங்கல் அதிகமானால் ஒளி பல துகள்களில் மோதி, அளவு சிறிதாகத் தெரியும். அதனால் அளக்க எது வந்தாலும், குப்பிக்குப் பின்னால் வைத்த செய்தித்தாள் தெரிகிறவரை மேலும் தண்ணீர் கலப்பது என் வழக்கம். பெயிண்டுக்கு அது சரி. ஊஸோவில் துளியை உண்டாக்குவதே தண்ணீர்தானே! கண்ணளவில் ஊற்றி, தினமும் வேறொரு சரக்கைத்தான் அளந்திருக்கிறேன்.

"கண்ணு, உன் பாட்டில்ல நான்தான் தண்ணி கலந்தேன்."

"எந்த பாட்டில்ல?"

"எல்லாத்துலயும்."

அவள் மணி பார்த்து எழுந்தாள்.

மீனை அப்படியே விட்டு ஆய்வகத்துக்கு ஓடினோம். அவள் கலந்து வைத்திருந்ததை, மேற்கொண்டு தண்ணீர் சேர்க்காமல், இருப்பதிலேயே உள்ளிடம் குறுகிய கண்ணாடிக் குப்பியில் ஊற்றினேன். மயிரிழை தடிமனில் ஒளிக்கு இரண்டாவது முறை மோத இடமில்லை. நூற்று அறுபது. நூற்று அறுபத்தொன்று. நூற்று அறுபது.

பேராசிரியர் கடிதத்தோடு உள்ளே வந்து, எண்களைப் பார்த்து, தப்பு யாருடையது என்று கேட்டார். என்னுடையது என்றேன்.

"எத்தனை மாசமா?"

"ஒரு அஞ்சு மாசம் இருக்கும்."

"ஆறு," என்றாள் பொலிக்ஸேனி, கடிதத்தைத் திரும்ப வாங்கக் கையை நீட்டிக்கொண்டே.