எட்டாவது தடைக்கு அந்தாண்ட இரண்டு முழம்

எனக்கு மூக்கின் மேல் கோபம் என்று வண்ணாரப்பேட்டையில் எல்லோருக்கும் தெரியும். பெயர் சௌக்கத் அலி. பந்தல் போடுவதும் மைதானம் சமன் செய்வதும் தொழில். குதிரைகள் தடை தாண்டும் பெரிய போட்டி ஒன்றைத் திருவொற்றியூருக்கு இழுத்து வர ஒன்றரை வருடம் நாயாய் அலைந்தேன். நகரத்தின் வடகோடியில் இருக்கும் நம் பக்கம் என்றாலே புகையும் லாரியும்தான் என்று முகம் சுளிக்கிறவர்கள் ஒரு நாளாவது இங்கே டிக்கெட் எடுத்து உட்காரட்டும் என்ற வீம்புதான் காரணம்.

கிடைத்த இடம் மூடிப்போன ஒரு கன்டெய்னர் யார்டு. தரையைக் கொத்திச் சமன் செய்து, மேலே கணுக்கால் புதையும் அளவுக்கு மணல் பரப்பினோம். குதிரைக் குளம்பின் அடியில் மெத்தென்ற இடம் ஒன்று உண்டு. அதில் ஓர் ஆணி ஏறினால் குதிரையின் கதை முடிந்தாலும் முடிந்துவிடும். அதனால் டிராக்டரில் பெரிய காந்தத்தைக் கட்டி மைதானம் முழுக்க மூன்று முறை இழுத்தேன். ஆணியும் வெல்டிங் குச்சியுமாக நான்கு கூடை வந்தது. சந்தேகத்துக்கு நான்காம் முறையும் இழுத்தேன், ஒன்றுமே ஒட்டவில்லை.

வெள்ளிக்கிழமை காலை போட்டியின் மைதான அதிகாரி ஆண்ட்ரூ வந்தார். மாலை ஐந்துக்குள் அவர் கையெழுத்து விழாவிட்டால், போட்டி நகரத்தின் தென்கோடியில் இருக்கும் வேறு மைதானத்துக்குப் போய்விடும். தடைகள் நட்ட மைதானத்தை அவர் சுற்றிப் பார்த்துவிட்டுப் பேனாவைத் திறந்தார். அப்போதுதான், மணல் வாரிக்கொண்டிருந்த குணசுந்தரி ஓடி வந்தாள். கொருக்குப்பேட்டைக்காரி, என்னிடம் வேலை செய்த பெண்களுக்கெல்லாம் அவள்தான் தலைவி.

"சார், போடாதீங்க. உள்ள ரிவிட்டு கீது."

"இன்னாம்மே உளர்ற? அதான் காந்தம் வுட்டு இழுத்தாச்சே!" என்று கத்தினேன்.

"அது அலுமினியம் பாய். காந்தம் இன்னா பண்ணும்? இதே யார்டுல எட்டு வருசம் கன்டெய்னர் கதவுக்கு ரப்பர் மாத்திக்கினு இருந்தேன். பழைய ரிவிட்ட தட்டி வுட்டா கீழ வுழும். கால்ல மண்ண தள்ளி மூடிடுவோம். அத்த பொறுக்க யாருக்கு நேரம்? காந்தத்துல எல்லாம் பூடும்னு நானும் நெனச்சேன். தரைய கொத்துனதுல மேல வந்து மணலோட கலந்துகீது. இப்ப கால்ல குத்திச்சு."

உள்ளங்கையை விரித்தாள். நகத்தளவு ரிவிட், கதவுத் தகட்டில் ரப்பரைப் பிடித்து வைக்கும் ஆணி. ஒரு முனை கூராகப் பிய்ந்திருந்தது. ஆண்ட்ரூ பேனாவை மூடினார். மாலை வரை இங்கேயே இருப்பதாகச் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

நான் வாய்க்கு வந்தபடி அவளைத் திட்டினேன். அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தன் பெண்களைக் கூப்பிட்டாள். பன்னிரண்டு பேர் தோளோடு தோள் உரச வெறுங்காலோடு நின்றார்கள். குதிகாலை ஊன்றி, விரல்களால் மணலைச் சீவிச் சீவி ஓரோர் அடியாக நகர்ந்தார்கள். மாசி வெயில் சுட்டது. விரலில் பட்டதை எடுத்து இடுப்புப் பையில் போட்டுக்கொண்டார்கள். இரண்டு பேருக்குக் காலில் ரத்தம் வந்தது. துணியைக் கிழித்துக் கட்டிக்கொண்டு மறுபடி வரிசையில் வந்து நின்றார்கள். மதியத்துக்குள் என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. முப்பது வருடத்தில் இப்படி ஒரு வேலையை நான் பார்த்ததில்லை.

மணி நாலே முக்கால். ஆண்ட்ரூ என்னைக் கேட்கவில்லை, அவளைக் கேட்டார். "போடலாமாம்மா?"

"இல்ல சார். எட்டாவது தடைக்கு அந்தாண்ட ரெண்டு மொழம் பாக்கி கீது."

"ரெண்டு மொழம்தான குணா, வுட்டுரு," என்று கெஞ்சினேன்.

"குதுர அங்கதான் பாய் எறங்கும்."

போனாள். அவசரமே இல்லாமல் நடந்தாள். நான் கடிகாரத்தையும் அவள் காலையும் மாறி மாறிப் பார்த்தேன். கடைசி அடியில் நின்றாள், குனிந்தாள். எடுத்து வந்ததை ஆண்ட்ரூவின் கையில் வைத்தாள். இன்னொரு ரிவிட்.

"இப்ப போடுங்க சார்."

கையெழுத்து விழுந்தபோது ஐந்துக்கு இரண்டு நிமிடம் இருந்தது. அவள் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. "காலைல பேசுனத மனசுல வச்சிக்காதம்மே," என்றேன்.

"அத்த வுடு பாய். காலு எரியுது, டீ சொல்லு."

மறுநாள் காலை முதல் குதிரை வந்தது. செம்பழுப்பு நிறம், மலைபோல் உடம்பு. குணசுந்தரியும் நானும் வேலியோரம் நின்றோம். ஏழு தடைகளைத் தாண்டிவிட்டு எட்டாவதை நோக்கி ஓடி வந்தது. அது எம்பியதும் நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். தொம்மென்று மணலில் இறங்கும் சத்தம் கேட்டது.

அவள் என் தோளைத் தட்டினாள். "கண்ண தொற பாய். குதுர ஓடிக்கினுதான் கீது."