வயிறு ஒட்டிய மாடுகள்

புது வீட்டுக் கூடத்தில் ஆணி மட்டும் இருந்தது, படத்தைக் காணோம். சித்ரா வாசலை எட்டிப் பார்த்தாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் அப்பா விழுப்புரத்திலிருந்து வந்து இறங்கிவிடுவார்.

படம் அப்பா அரங்கநாதன் வரைந்தது. ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பெருமுக்கல் மலை, அடிவாரத்தில் ஏரி, கரைமேல் மாடுகள், பின்னால் சோற்றுத் தூக்கோடு மேய்க்கிற பெண், மலையோரம் சிவந்த சூரியன். பழைய பாணியில், எண்ணெய் வண்ணத்தில், பொறுமையாகத் தீட்டியது. யார் யாரோ விலைக்குக் கேட்டும் கொடுக்காதவர், மகளின் திண்டிவனம் வீட்டு கிரகப்பிரவேசத்துக்குத் தானே தூக்கிக்கொண்டு வந்தார்.

மாமியார் தையல்நாயகி, அன்றைக்குச் சம்பந்தி பஸ் ஏறியதும்தான் ஆரம்பித்தார்.

“புது வூட்ல பொழுது சாயற படத்தை மாட்டுவாங்களா? குடும்பம் விளங்கின மாதிரிதான்.”

“அது பொழுது விடியறது அத்தை,” என்றாள் சித்ரா. சொன்னாளே தவிர, அவளுக்கே தெரியாது. வீடு முழுக்கப் படங்களோடு வளர்ந்தவள். ஒன்றையும் நின்று பார்த்ததில்லை. கணவன் குமரேசனோ இந்த மாதிரிச் சமயங்களில் பைக் துடைக்கப் போய்விடுகிற ஆள்.

இன்று அப்பாவை விருந்துக்கு அழைத்ததே தையல்நாயகிதான். அழைத்துவிட்டுப் படத்தைக் கழற்றினால் என்ன அர்த்தம்? வெற்று ஆணியைப் பார்த்து அப்பா ஒரு வார்த்தை கேட்கமாட்டார். சிரித்துப் பேசிச் சாப்பிட்டுவிட்டுப் போவார். அப்புறம் இந்த வாசலை மிதிக்கவே மாட்டார். நினைத்ததும் சித்ராவுக்கு அழுகை முட்டியது.

உள்ளறையில் தையல்நாயகி படத்தைக் கட்டிலில் கிடத்தி, பரண்மேல் போடுவதற்காகப் பழம் புடவையில் சுற்றிக்கொண்டிருந்தார். சுற்றிய கை பாதியில் நின்றது. குனிந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி குனிந்தார்.

“சித்ரா, ஜல்தி வா இங்க.”

போனாள்.

“இந்தச் செவலை மாட்ட பாரு. பக்கம் குழி வுழுந்து, வயிறு ஒட்டிக்கினு இருக்குது. மேஞ்சிட்டு வர்ற மாடு இப்பிடியா இருக்கும்? மேய்க்கிறவள பாரு, தூக்கு இருக்கற பக்கம் தோள் சாஞ்சிருக்குது. சோறு அப்பிடியே உள்ள இருக்குது. சாயங்காலம்னா காலித் தூக்கை வீசிக்கினு இல்ல வருவா?”

“அப்போ…”

“அப்போ இன்னா அப்போ! காலையிலதான் இது. நீயும் வாயால சொன்னியே தவிர, எடுத்துக் காட்டினியா?”

சித்ராவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துப் படத்தை ஆணியில் மாட்டினார்கள். கோணலை நேராக்கும்போதே வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

“வாங்கண்ணா,” என்ற தையல்நாயகி, சம்பந்தியை உட்காரக்கூட விடவில்லை. “படத்துல பொழுது விடியுதா, சாயுதா? நீங்களே சொல்லுங்க.”

சித்ரா அப்பாவின் முகத்தையே பார்த்தாள்.

“விடியுதும்மா. இருட்டோட போய் ஏரிக்கரையில உக்காந்துடுவேன்.”

“நான்தான் சொன்னேனே! மாட்டுக்கு வயிறு ஒட்டியிருக்கிறத பாத்ததுமே தெரிஞ்சிபோச்சி.” பரணைப் பற்றி மூச்சே இல்லை.

செருப்பைக் கழற்றிய அரங்கநாதன் அப்படியே நின்றார்.

“மலை நல்லா இருக்குது, தண்ணி நல்லா இருக்குதுன்னு எவ்வளவோ பேர் சொல்லியிருக்காங்க,” என்றார். “மாட்டுக்குப் பசிக்குதுன்னு யாருமே சொன்னதில்லம்மா.”

“மனுஷனுக்கும் பசிக்கும். சித்ரா, எலைய போடு,” என்றார் தையல்நாயகி, படத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.