இருபத்தாறு கோட்டுகளும் ஓர் அங்குலமும்

"கடையை மூடிடலாம்னு தோணுது," என்றான் அவள் கணவன் அன்று.

"மூடிட்டு?"

"கார்மென்ட்ஸ் கம்பெனியில கட்டிங் மாஸ்டர் தேடறாங்க. மாசம் பொறந்தா சம்பளம். இப்படி யார் வருவாங்கன்னு வாசலைப் பாத்துக்கிட்டு உக்கார வேண்டாம்."

"அப்போ நான்?"

"நீயும் வாயேன். பட்டன் செக்‌ஷன்ல ஆள் வேணுமாம்."

பட்டன் செக்‌ஷனாம்! கல்யாணத்துக்கு முன்பே தனி ஆளாகத் தையல்கடை திறந்தவளிடம் பேசுகிற பேச்சா அது? "போறவங்க தாராளமா போகலாம். என் கடை எங்கயும் வராது," என்று பட்டென்று சொல்லிவிட்டாள். 'என் கடை' என்ற சொல்தான் அவனைத் தைத்தது. மறுநாள் ஒரு பையோடு வீட்டை விட்டுப் போய்விட்டான். கம்பெனிக்கு அல்ல, இரண்டு தெரு தள்ளி இருந்த நண்பனின் அறைக்கு.

அது நடந்து எட்டு மாதம் ஆகிறது. வேறு கட்டர் கிடையாது என்பதால் காலை ஒன்பதுக்குக் கடைக்கு வருவான். மாலை ஆறுக்குக் கிளம்பிவிடுவான். அவனைத் திரும்பக் கூப்பிட வேண்டும் என்று தினமும் ஆறு மணிக்கு அவள் நினைப்பாள். நாக்கு எழாது. நான் ஏன் முதலில், அவனே வரட்டுமே என்று ஷட்டரை இழுப்பாள்.

கடைக்குள் எல்லாப் பேச்சும் பட்டன் அக்கா வழியாகத்தான் போகும். பட்டன் துளைக்குக் காஜா எடுப்பதும் பட்டன் கட்டுவதும் அக்காவின் வேலை. போன எட்டு மாதமாகத் தூதும் சேர்ந்துகொண்டது.

"அக்கா, காலருக்கு வைக்கிற கேன்வாஸ் தீர்ந்துடுச்சுன்னு சொல்லுங்க."

"தம்பி, கேன்வாஸ் தீர்ந்துடுச்சாம். நாலடி தூரத்துக்கு ஒரு தபால் ஆபீஸ்! எனக்கு யூனிஃபார்ம் ஒண்ணுதான் பாக்கி."

இந்த லட்சணத்தில்தான் அந்தப் பெரிய ஆர்டர் வந்தது. ஒரு புது ஹோட்டலின் சிப்பந்திகளுக்குச் சாம்பல் நிறக் கோட்டுகள், இருபத்தாறு. ஹோட்டல் திறப்புக்கு முந்தைய நாள் மாலை ஐந்து மணிக்கு மேலாளர் வந்து பார்த்து எடுத்துப் போவதாக ஏற்பாடு. இந்த வேலை சரியாக முடிந்தால் கடை நிமிரும். முடியாவிட்டால் மூட வேண்டியதுதான். மூடினால் அவன் கம்பெனிக்குப் போய்விடுவான். இருவரையும் ஒரே அறையில் வைத்திருக்கும் ஒரே சாக்கும் போய்விடும். அவளை உறுத்தியது அதுதான்.

அந்த நாள் காலை பத்து மணிக்குப் போட்டுப் பார்க்க ஒரு சிப்பந்தி வந்தான். கையை நீட்டினான். மணிக்கட்டு எலும்பு முழுசாக வெளியே தெரிந்தது.

"சின்ன வயசுல தச்ச கோட்டு மாதிரி இருக்கே," என்று சிரித்தான்.

யாரும் சிரிக்கவில்லை. அவள் இன்னொரு கோட்டை எடுத்து டேப் வைத்தாள். பிறகு மூன்றாவது. எல்லாவற்றிலும் கை ஓர் அங்குலம் குறைவு. கணவன் வெட்டும் மேசையிலிருந்து எழுந்துவந்து அளவு நோட்டைப் புரட்டினான். பிறகு அவள் கையிலிருந்த டேப்பையே பார்த்தான்.

"அக்கா, இது எப்ப வாங்கினதுன்னு கேளுங்க."

அக்கா கேட்கத் தேவையே இருக்கவில்லை. அவள் டேப்பைச் சுருட்டி மேசைமேல் வைத்தாள்.

அவளுடைய பழைய டேப்பின் முதல் அங்குலம் நைந்து அறுந்து பல வருடம் ஆகிறது. அது ஒன்றிலிருந்துதான் ஆரம்பிக்கும். டேப் காட்டுவதை அவள் அப்படியே நோட்டில் எழுதுவாள். வெட்டும்போது அவன் எல்லா அளவிலும் ஒன்றைக் கழித்துக்கொள்வான். அந்த அறுந்த டேப்பை ஹோட்டல்காரர்கள் முன்னால் எடுக்கக் கூச்சப்பட்டு, அளவெடுக்கப் போகிற வழியில் புதிது ஒன்று வாங்கியிருந்தாள். அவனிடம் சொல்லத்தான் நினைத்தாள். அன்று பட்டன் அக்கா லீவு.

அக்கா லீவு என்பதற்காக ஒரு வாக்கியம் சொல்லாமல் விட்டிருக்கிறாள். அவனும் வழக்கம்போல் கழித்துவிட்டான்.

"என் தப்பு," என்றாள் யாரையும் பார்க்காமல்.

சிப்பந்தியை அனுப்பிவிட்டு மேலாளருக்கு போன் செய்தாள். மறைத்துப் பேசத் தெரியவில்லை. கை குட்டையாகிவிட்டது, சரிசெய்கிறோம் என்றாள்.

"எப்படிச் செய்வீங்களோ தெரியாது," என்றார் அவர். "அஞ்சு மணிக்கு இருபத்தாறும் ஒரே மாதிரி இருக்கணும். இல்லைன்னா ரெடிமேட் எடுத்துக்கறேன். கடைக்காரர் லைன்லயே இருக்கார்."

உடம்புப் பகுதியில் பிரச்சினை இல்லை. கோட்டின் நீளத்தில் ஓர் அங்குலம் குறைந்தது கண்ணில் படாது. பக்கத் தையலுக்குள் அவன் எப்போதும் தாராளமாகத் துணி விடுவான், பிரித்துவிட்டால் போதும். கைகளில்தான் மடிப்புக்கே துணி மட்டாக இருந்தது. அதே சாம்பல் துணி வாங்க மில்லுக்குப் போய்வர இரண்டு நாள் ஆகும்.

அவள் அலமாரியைக் குடைந்தாள். கோட்டுகளின் உள்பக்கக் கழுத்துப் பட்டிக்கு வாங்கிய கருஞ்சிவப்புத் துணியில் ஒரு துண்டு மீதி இருந்தது.

"கை நுனியில இதுல ஒரு பட்டை வச்சா? ஒண்ணேகால் அங்குலத்துக்கு. டிசைன் மாதிரியே இருக்கும். உள்கழுத்து நிறத்தோட சேரும். அக்கா, கேட்டுச் சொல்லுங்க."

அக்காவின் வாய் நிறையக் குண்டூசிகள். முதல் கோட்டைப் பிரிக்க உட்கார்ந்துவிட்டிருந்தாள். "ம்ம்," என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

அவன் துணியை விரித்து ஸ்கேல் வைத்தான். கணக்குப் போட்டான். அக்காவைப் பார்த்தான், அக்கா குண்டூசிகளோடு கூரையைப் பார்த்தாள்.

"அம்பத்திரண்டு கைக்கு வராது," என்றான் நேராக அவளிடமே. எட்டு மாதத்தில் முதல் வாக்கியம். "ஆறு குறையும்."

"ஒட்டுப் போட்டா?"

"வெளியே தெரியும்."

"ஒட்டு வர்ற இடத்தை உள்கைப் பக்கம் திருப்பிட்டா? கையைத் தொங்கப்போட்டா தெரியாதே."

அவன் ஒரு கோட்டின் கையைத் திருப்பிப் பார்த்தான். "அப்போ எல்லாத்துக்கும் ஒட்டு வைக்கணும். ஆறுக்கு மட்டும் வச்சா, பக்கத்துல பக்கத்துல நிக்கும்போது மாட்டிக்குவோம். ரெண்டு ரெண்டு துண்டா வெட்டறேன். துணி பத்தும்."

"வேலை கூடுமே!"

"கூடும். நீ மெஷின்ல உக்காரு."

பதினொன்றேகால். மெஷின் ஓடத் தொடங்கியது. அக்கா பிரித்துத் தர, அவன் வெட்டித் தர, அவள் பட்டை பூட்டினாள். வெட்டி முடித்ததும் அவன் மற்ற மெஷினில் உட்கார்ந்து பக்கத் தையல்களைப் போட்டான். சாப்பாட்டு டப்பாக்களை யாரும் திறக்கவில்லை. ஒரு மணிக்கு ஐந்து கோட்டுதான் முடிந்திருந்தது. இந்த வேகத்தில் போனால் ஐந்து மணிக்குப் பத்துக் கோட்டாவது மிஞ்சும் என்று அவளுக்குத் தோன்றியது. மறுபடி கடிகாரத்தைப் பார்த்தாள்.

"மணியைப் பாக்காத. கையைப் பாரு," என்றான்.

"நீங்க என்னை அதட்ட வேண்டாம்."

"அதட்டல. உன் பட்டை கோணுது."

கோணத்தான் செய்தது. பிரித்து மறுபடி தைத்தாள்.

"அடேயப்பா," என்றாள் அக்கா, கடைசிக் குண்டூசியை வாயிலிருந்து எடுத்தபடி. "சண்டையே நேர்ல போட ஆரம்பிச்சாச்சு. என் உத்தியோகம் போச்சு."

மூன்று மணிக்கு அவள் மெஷினில் ஊசி ஒடிந்தது. டப்பாவில் வேறு ஊசி இல்லை. அவன் எழுந்து, தன் மெஷினைக் காட்டி, "உக்காரு. பக்கத் தையலை நான் கையிலயே ஓட்டிடறேன்," என்றான். மீதி நான்கு கோட்டுகளின் பக்கங்களை ஜன்னலோரம் உட்கார்ந்து கையாலேயே தைத்தான். அந்தத் தையல் மெஷின் தையலைப் போலவே நெருக்கமாக விழுந்தது. அக்கா இஸ்திரிப் பெட்டியோடு கூடவே ஓடினாள்.

நாலே முக்காலுக்குக் கடைசிக் கோட்டின் கடைசிப் பட்டன். ஐந்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே மேலாளர் வந்துவிட்டார். காலையில் வந்த சிப்பந்தியும் கூடவே.

சிப்பந்தி கோட்டைப் போட்டுக் கையை நீட்டினான். மடக்கினான். மேலாளர் கைப் பட்டையைத் திருப்பிப் பார்த்தார். உள்கையில் ஒட்டைத் தடவினார்.

"இது எல்லாத்துலயும் இருக்கா?"

"எல்லாத்துலயும் ஒரே இடத்துலதான் சார்," என்றான் கணவன்.

அவர் நடுவிலிருந்து நான்கைந்து கோட்டுகளை உருவிப் பார்த்தார். "நான் கேட்டது வெறும் சாம்பல் நிறம்." சற்று நிறுத்தினார். "பரவாயில்ல. இதுவும் நல்லாத்தான் இருக்கு. வண்டியில ஏத்துங்க. சமையல்கட்டு ஆளுங்களுக்கும் தைக்கணும். அடுத்த வாரம் அளவெடுக்க வாங்க. ஆனா இப்படி போன் மட்டும் பண்ணாதீங்கம்மா."

வண்டி போனது. அதே பாதையில் இறங்கிக்கொள்வதாகச் சொல்லி அக்காவும் அதில் ஏறிப் போய்விட்டாள். கடையில் நூல் பிசிறும் சூடான இஸ்திரி வாசனையும் மட்டும் மிஞ்சின. அவன் கத்திரிக்கோலைத் துடைத்து வைத்தான். சாப்பாட்டு டப்பாவைப் பைக்குள் போட்டான்.

"அந்தக் கம்பெனிக்கு என்ன பதில் சொல்லியிருக்கீங்க?" என்று கேட்டாள்.

"இப்ப மறுபடி கூப்பிட்டிருக்காங்க. இன்னும் சொல்லல. நாளைக்குள்ள கேட்டிருக்காங்க."

மணி ஆறு. அவன் செருப்பைத் தேடி ஒரு காலை நுழைத்தான். கடை தப்பித்துவிட்டது, ஆனால் அவன் வழக்கம்போல் வாசலை நோக்கித்தான் நின்றான். இன்று காலையிலிருந்து எத்தனையோ முறை இந்த மனிதனிடம் வாயைத் திறந்திருக்கிறாள். ஒரு முறைகூட வானம் இடிந்து விழவில்லை. சொல்லாமல் விட்ட ஒரு வாக்கியம் என்ன பாடு படுத்தும் என்பதை இருபத்தாறு கோட்டுகளில் பார்த்தாயிற்று.

"இருங்க," என்றாள்.

அவன் திரும்பினான்.

"அது என் கடைன்னு சொன்னது தப்பு. வீட்டுக்கு வாங்க. என்கூடவே வாங்க."