பானெட்டில் வைத்த பொட்டு

விஜயநகரில் எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் மோரிஸ் மைனர் காருக்கு இன்ஜினும் இல்லை, சீட்டும் இல்லை. தொண்ணூற்று மூன்றில் வாங்கினேன். அடித்தளத்துக்குப் புதுத் தகடு போட்டு, பழைய பெயிண்டை முழுக்கச் சுரண்டியதோடு கைக்காசு தீர்ந்துவிட்டது. மூன்று வருஷம் போராடிப் பார்த்துவிட்டு, கூட்டையாவது விற்றுவிடலாம் என்று இந்த வருஷம் முடிவு செய்தேன்.

பழைய கார்களை வாங்கி விற்கும் ருத்ரேஷ் நேற்று விலை சொல்ல வந்தான். கதவைத் தட்டிப் பார்த்துத் தலையாட்டினான். பானெட்டுக்கு வந்ததும் முகம் சுளித்தான்.

"என்ன சார், வரிசையா மூணு ஓட்டை?"

"ஆயுத பூஜைக்குப் பொட்டு வெச்ச இடம்."

"வெறும் தகரத்துல ஈர மஞ்சளை வெச்சு, வருஷம் பூரா துடைக்காம விட்டா துரு தின்னாதா? பானெட்டே மாத்தணும். பாதி ரேட், அஷ்டே, அவ்வளவுதான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாமிக்கு வைத்த பொட்டுக்கு விலையைக் குறைப்பானா?

"உன் வண்டியில மட்டும் பொட்டு இல்லையா?" என்று கத்தினேன்.

"அது பெயிண்ட் மேல இருக்கு சார்" என்று சொல்லிவிட்டுச் சாவகாசமாகக் கிளம்பினான். அந்தச் சாவகாசத்தை நினைத்தால் இப்போதும் ஆத்திரம் வருகிறது.

இன்று ஆயுத பூஜை. என் மனைவி அம்சவேணி மஞ்சளைக் குழைத்துக்கொண்டு வந்து பானெட்டை நோக்கிக் கையை நீட்டினாள்.

"தகரத்தைத் தொடாதே!" என்று பாய்ந்தேன். "முன் கண்ணாடியில வை!"

அவள் காரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"கண்ணாடி எங்கேங்க இருக்கு?"