பயிற்சியாளருக்குத் தொண்டை கட்டிய நாள்

குதிரையேற்றப் பள்ளியில் என் மகளுக்கு வாய்த்த மட்டக்குதிரைக்குக் காது கேட்காது. வயதும் ஆகிவிட்டது. அவள் குழுவில் மற்ற மூன்று பிள்ளைகளுக்கும் பளபளவென்று கிடைத்திருக்க, இவள் தலையில் மட்டும் இதைக் கட்டியிருந்தார்கள். நான் பேருந்து ஓட்டுகிறவள். ஓடாத வண்டியைக் கொடுத்தால் பணிமனையில் யாரையும் சும்மா விடமாட்டேன். நேராகப் பயிற்சியாளரிடம் போனேன்.

"சார், குதிரைய மாத்திக் குடுங்க. மத்ததெல்லாம் பறக்குது, இது நட்டு வெச்ச கல்லு மாதிரி நிக்குது."

"அவசரப்படாதீங்கம்மா. உங்க பொண்ணு பாத்துக்குவா" என்றார். எனக்கு வந்த கோபத்தை அப்படியே விழுங்கினேன்.

அவர் மைதானத்தின் நடுவில் நின்று "ஓட்டம்" என்று ஒரு குரல் கொடுப்பார். மற்ற மூன்றும் அந்தச் சொல்லுக்கே பிய்த்துக்கொண்டு கிளம்பும். மேலே இருக்கும் பிள்ளைகள் விரலைக்கூட அசைக்க வேண்டாம். என் வாலு மட்டும் முதுகை நிமிர்த்தி, கடிவாளத்தைத் தளர்த்தி, குதிகாலால் அழுத்து அழுத்தென்று அழுத்துவாள். அது மனம் இரங்கிக் கிளம்புவதற்குள் மற்றவர்கள் ஒரு சுற்று முடித்திருப்பார்கள். வீட்டுக்கு வந்தால் காலை அகட்டி அகட்டித்தான் நடப்பாள்.

தேர்வு நாள் வந்தது. தேறினால் மரங்களுக்கு நடுவே போகும் வெளிப்பாதையில் தனியாக ஓட்டலாம். தவறினால் மறுபடியும் கயிற்றுக் குழு. அங்கே உதவியாள் கயிறு பிடித்துச் சின்னப் பிள்ளைகளை நடத்திக்கொண்டு போவார். அதில் இவள் தம்பியும் இருக்கிறான்.

"அக்கா, என் பக்கத்துல உனக்கு எடம் வெச்சிருக்கேன்" என்று காலையிலேயே சொல்லிவிட்டான். அவளுக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை.

அன்று பார்த்துப் பயிற்சியாளருக்குத் தொண்டை கட்டிவிட்டது. காற்றுதான் வந்தது. பிள்ளைகளை அருகே அழைத்து ஒரு சிவப்புத் துணியைக் காட்டினார். தூக்கினால் ஓட்டம், இறக்கினால் நிறுத்தம்.

துணி மேலே போனது. பளபளப்பு மூன்றும் சிலையாக நின்றன. பிள்ளைகள் உதைத்தார்கள், கடிவாளத்தை இழுத்தார்கள், கெஞ்சினார்கள். குதிரைகள் குரலுக்காகக் காத்திருந்தன. என் மகள் முதுகை நிமிர்த்தினாள், குதிகாலை அழுத்தினாள். கிழட்டுக் குதிரை தலையைத் தூக்கி ஓடத் தொடங்கியது. நான் வேலிக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

பக்கத்தில் நின்ற வக்கீலுக்கு, தம் பையன் நிற்கும் கோலம் பொறுக்கவில்லை. நீதிமன்றத்தில் பழகிய தொண்டையால் "ஓட்டம்" என்று ஒரு போடு போட்டார். மூன்றும் திக்குக்கு ஒன்றாகப் பாய்ந்தன. ஒரு சிறுமி கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ஒரு சிறுவனை அவன் குதிரை நேரே தீவனக் கொட்டகைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. வக்கீல் மகன் என் மகளின் குறுக்கே வந்தான். எனக்கு உயிரே போய்விட்டது.

அவள் குதிரைக்கு அந்தச் சத்தம் எட்டவேயில்லை. அவள் இடுப்பைத் திருப்பினாள், அதுவும் திரும்பியது. அவனை ஒதுக்கிச் சுற்றி வந்து, துணி இறங்கிய இடத்தில் நிறுத்தினாள்.

யாருக்கும் காயமில்லை. பயிற்சியாளர் வெளிப்பாதையைக் காட்டினார், பிறகு என் மகளைக் காட்டினார். மற்றவர்கள் பக்கம் கையே போகவில்லை.

"பழகின குதிரை, அது தானாப் போகுது. இதுல என்ன இருக்கு" என்றார் வக்கீல்.

பதில் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அதற்குள் அவளே மேலேயிருந்து திரும்பினாள்.

"தானாப் போனது உங்களுதுதான் அங்கிள். இத நான் ஓட்டுனேன்."

எனக்குப் பெருமையில் கண் நிறைந்துவிட்டது, துடைக்கவும் தோன்றவில்லை. கயிற்றுக் குழுவிலிருந்து அவள் தம்பி இரண்டு கையையும் விட்டுவிட்டுக் கைதட்டி, உதவியாளிடம் திட்டு வாங்கினான்.

"அம்மா, கேட்டைத் தொற" என்றாள்.

திறந்தேன். திரும்பிக்கூடப் பார்க்காமல் போனாள்.