ஒற்றைக் குரவை

எல்லோரும் கைதட்டுகிறார்கள், வள்ளிப்பிள்ளை மட்டும் இன்னும் உட்காரவில்லை, ஒலிவாங்கியின் சின்னச் சிவப்பு வெளிச்சம் தாடைக்குக் கீழே எரிந்துகொண்டிருக்கிறது, அம்மாடி, எவ்வளவு பெரிய கூடம் இது, அவளுடைய ஊர்த் தாழங்கேணி அம்மன் கோயிலையும் அதன் வீதியையும் கேணியையும் தூக்கி உள்ளே வைத்தாலும் மூலையில் இடம் மிஞ்சும், அதற்குள் வரிசை வரிசையாக எத்தனை நாட்டுப் பெண்கள், தலையில் உயரமாகத் துணி சுற்றியவர்கள், கறுப்பு முக்காடு போட்டவர்கள், ஆண்பிள்ளைபோல முடி வெட்டியவர்கள், எல்லோரும் சண்டை தின்ற ஊர்களிலிருந்து வந்தவர்கள், எல்லோரும் அவளைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், இத்தனை பேர் ஒரே நேரத்தில் தன்னைப் பார்த்துச் சந்தோஷப்படுவார்கள் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. காதில் மாட்டிய கருவிக்குள் நிரோஷினியின் குரல், கண்ணாடி அறைக்குள் இருந்து மொழிபெயர்க்கிற பிள்ளை, யாழ்ப்பாணத்தில் பிறந்து இந்த ஜெனீவாவில் வளர்ந்தது, அம்மா, உங்கட பகுதிக் கண்காணிப்புக் குழுவில ஒரு பெண்ணுக்கு இடம் தாறமெண்டு இந்தக் கூட்டத்தின்ர தலைவர் சொல்லுறார், அந்த இடம் உங்களுக்குத்தானாம். பக்கத்தில் வேலாப்போடியார், அந்தக் குழுவில் இதுவரை இருந்த ஊர் ஆண்களில் மூத்தவர், அவளுடைய முந்தானையை மெல்ல இழுக்கிறார், நன்றி எண்டு சொல்லிப்போட்டு இரு பிள்ள.

நன்றி சொல்லலாம், ஏன் சொல்லக் கூடாது, இதற்காகத்தானே வாழ்நாளில் முதன்முறை விமானம் ஏறி, அம்மனைக் கூப்பிட்டுக்கொண்டு வந்தாள், சண்டை நின்ற பிறகு வெள்ளைக்காரர்கள் வந்து அமைத்த குழு அது, தெருச் சோதனைச் சாவடியில் யார் நிற்பது, பெண்களை யார் சோதிப்பது, பிடித்துப்போனவர்களை யார் போய்க் கேட்பது என்று அதுதான் தீர்மானிக்கிறது, அதில் இருந்ததெல்லாம் ஆம்பிளைகள், கோயிலடியில் கூடுவார்கள், இளநீர் குடிப்பார்கள், எல்லாம் சரி என்று கையெழுத்திட்டுப் போவார்கள், மகள் சுதர்சினியோ ஆசிரியர் பயிற்சிக்கு நாள் தவறாமல் அந்தச் சாவடியைத்தான் தாண்டவேண்டும். ஆனாலும் நாக்கு நன்றி என்று எழும்ப மறுக்கிறது. இந்த நாக்குக்கு எப்போதும் இப்படித்தான், வேண்டியபோது வேண்டியதைச் சொல்லாது, அன்றைக்கும் சொல்லவில்லையே.

அன்றைக்கு வெயில், வெயில் என்றால் தார் உருகிச் செருப்பைப் பிடித்து இழுக்கிற வெயில், வரிசையில் முன்னால் சுதர்சினி, பின்னால் இவள், சீருடைக்காரன் ஒருவன் மகளின் அடையாள அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான், பிறகு அவளை மட்டும் கொட்டிலுக்குள் வரச் சொல்கிறான், அந்தக் கொட்டிலுக்குள் போன பிள்ளைகளைப் பற்றி ஊரில் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை, இவள் கத்தத்தான் வாயைத் திறந்தாள், ஐயோ என் பிள்ளை என்று கத்தத்தான், ஆனால் பயத்தில் செத்துப்போன நாக்கு தனக்குப் பழகியதைச் செய்துவிட்டது, குலவை என்கிறார்களே, அந்தக் குரவையைச் சுழன்று சுழன்று போட்டுவிட்டது. கல்யாண வீட்டில் போடுகிற குரவை, அம்மன் தெருவில் வரும்போது போடுகிற குரவை, பட்டப்பகலில் சாவடிக்கு முன்னால்! ஒருத்தி தொடங்கிய குரவையைக் கேட்டும் சும்மா இருந்தால் அந்த நல்ல காரியத்துக்கே குறை என்பார்கள், ஆகவே ஊர்ப் பெண்கள் எல்லாம் அம்மன் இந்த வருசம் நாளுக்கு முந்தியே வந்துவிட்டாள் என்றே நினைத்துவிட்டார்கள், பாவிகள், நிறைகுடமும் ஆலாத்தித் தட்டுமாக, முழுகிய தலை சொட்டச் சொட்ட, குரவை போட்டுக்கொண்டே ஓடி வருகிறார்கள், வந்து பார்த்தால் அம்மன் இல்லை, துவக்கும் தோளுமாகச் சீருடைதான் நிற்கிறது, ஆனாலும் ஒருத்தியும் திரும்பவில்லை, தட்டில் கற்பூரம் எரிகிறது, சீருடைக்காரர்களில் ஒருவன் தன்னையறியாமல் தொப்பியைக் கழற்றிவிட்டான். அதை இப்போது நினைத்தாலும் அவளுக்குச் சிரிப்பு வருகிறது, சிரிப்போடு உடம்பும் புல்லரிக்கிறது.

அதைவிடப் பெரிய அதிசயம் தெருவின் மற்றப் பக்கத்திலிருந்து வந்தது. அது முஸ்லிம்களின் பக்கம், தமிழர்களோடு நடந்த கலவரத்துக்குப் பிறகு இரண்டு வருசமாக அந்தத் தெருவை யாரும் குறுக்கே கடந்ததில்லை, இந்தப் பக்கத்திலிருந்து போனவர்கள்தான் அந்தப் பக்கத்து ஜெசீமாவின் புருசனை வெட்டினார்கள், அது எல்லோருக்கும் தெரியும், அந்த ஜெசீமா, கையில் அப்பிய இடியப்ப மாவோடு, முக்காடு நழுவ, தங்கள் கல்யாண வீட்டுக் குரவையைப் போட்டபடி தெருவைக் கடந்து வருகிறாள், அவளுக்குப் பின்னால் அந்தப் பக்கத்துப் பெண்கள் அத்தனை பேரும், இரண்டு பக்கத்துச் சத்தமும் சேர்ந்து சாவடியைச் சுற்றி நிற்க, கொட்டில் கதவு திறந்தது, போ என்றான், சுதர்சினி வெளியே வந்தாள், தாவணிகூடக் கலையவில்லை. ஏன் ராத்தா வந்தீங்க, என்று, அவர்கள் அக்காவைக் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டு, வள்ளிப்பிள்ளை பிறகு கேட்டாள், வேறென்ன கேட்பது, அந்த மனுசி மாவுக் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள், குரவ கேட்டா நிக்க ஏலுமா புள்ள, வாய் வந்திட்டு, பின்னாலயே காலும் வந்திட்டு.

அன்று தொடங்கியதுதான், சாவடிக்கு இந்தப் பக்கம் வள்ளிப்பிள்ளை, அந்தப் பக்கம் ஜெசீமா, பாய் இழைத்துக்கொண்டு இருப்பார்கள், ஒரு பிள்ளையை உள்ளே கூப்பிட்டால் ஒருத்தி தொடங்குவாள், மற்றவள் எடுப்பாள், பிறகு ஊரே எடுக்கும், உள்ளே போனவள் வெளியே வந்துவிடுவாள். ஒரே ஒரு தடவை, ஜெசீமா காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ஊரெல்லாம் அறுவடைக்குப் போயிருந்தபோது, வள்ளிப்பிள்ளை தனியாகப் போட்டாள், போட்டாள், தொண்டை கிழியப் போட்டாள், விசரி, பைத்தியக்காரி, என்று சீருடைக்காரர்கள் சிரித்தார்கள், உள்ளே போன பிள்ளை பொழுதுபடத்தான் வெளியே வந்தாள், வந்தவள் இன்றுவரை யாரோடும் பேசுவதில்லை. அந்தப் பிள்ளையின் முகம் இந்தக் கூடத்தின் நடுவில், இத்தனை விளக்குக்குக் கீழே, வந்து நிற்கிறது.

கைதட்டல் ஓய்ந்துவிட்டது, அம்மா, ஏதாவது சொல்லப்போறீங்களா என்று காதுக்குள் நிரோஷினி கேட்கிறாள், வள்ளிப்பிள்ளைக்குப் பயமாகத்தான் இருக்கிறது, வேண்டாம் என்றால் இருந்ததும் போய்விடுமோ, மகளை நாளைக்கு யார் பார்ப்பார்கள், ஆனாலும் பின்னால் கிடந்த நாற்காலியைத் தட்டிச் சொல்கிறாள், ஒத்தக் கதிர எனக்கு வேணா புள்ள, ரெண்டு தரச் சொல்லு, மற்றது தெருவுக்கு அந்தப் பக்கத்து மனுசிக்கு. நிரோஷினி அதை அவர்கள் பாஷையில் சொல்ல, தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார், மரியாதையாகத்தான் பதில் சொல்கிறார், பேசி முடித்தது ஓர் இடம்தானாம், விதியை மாற்ற முடியாதாம், வேலாப்போடியார் முந்தானையை விட்டுக் கையையே பிடித்துவிட்டார், கைக்கு வந்ததையும் தட்டிப்போடாத பிள்ள. இவர்களுக்கு எப்படி விளங்கவைப்பது, கொட்டிலை இங்கே கொண்டுவர முடியுமா, வெயிலைக் கொண்டுவர முடியுமா, அவள் கண்ணை மூடிக்கொண்டு குரவை போட்டாள்.

ஒற்றைக் குரவை, அந்தப் பெரிய கூடத்துக்குள் மெலிந்து, கீறி, நடுவில் அறுந்துபோனது, நிரோஷினிக்கு மொழிபெயர்க்க ஒன்றுமில்லை, யாரோ இருமினார்கள். கேட்டீங்கதானே, தனிய எண்டா இவ்வளவுதான், என்று சொல்லி அவள் உட்காரக் குனிந்தாள். அப்போது கடைசி வரிசையில், சூடானிலிருந்து வந்த நெடிய பெண் ஒருத்தி, தலைத் துணியைச் சரிசெய்தபடி எழுந்தாள், வாயருகே கை வைத்தாள், நாக்கைச் சுழற்றினாள், அடி அம்மாளாச்சி, அதே குரவை, அதே சுழிப்பு, தாழங்கேணியில் பிறந்தவள்போல! அவள் முடிக்குமுன் இந்தப் பக்கம் ஒருத்தி, பாலஸ்தீனத்துக்காரியாம், பிறகு கொங்கோப் பெண்கள் மூன்று பேரும் ஒன்றாக, பிறகு யார் யாரென்று தெரியவில்லை, ஒருத்தி தொடங்கினால் சும்மா இருக்கக் கூடாதென்று இவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது, கடலுக்கு அந்தப் பக்கத்திலும் இந்தப் பக்கத்திலும் எத்தனை சாவடி, எத்தனை கொட்டில், எத்தனை நாக்கு, கூடத்தின் கூரையே அதிர்கிறது, வேலாப்போடியார் கையை விட்டுவிட்டு வாயைப் பிளந்துகொண்டிருக்கிறார், வள்ளிப்பிள்ளை நிமிர்ந்து, கண்ணீர் வழிய, வழிந்தால் வழியட்டும், எல்லா வரிசையையும் மாறி மாறிப் பார்க்கிறாள்.

சத்தம் அடங்க வெகுநேரம் ஆனது. தலைவர் பக்கத்தில் இருந்தவர்களிடம் ஏதோ கேட்டார், அவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள், பிறகு தலையாட்டினார்கள், அவர் ஒலிவாங்கிக்குக் குனிந்து ஒரே ஒரு வரி சொன்னார், காதுக்குள் நிரோஷினியின் குரல் உடைந்து வந்தது, அம்மா, மற்றவவின்ர பேர் என்னவெண்டு கேக்கிறார், எழுதிக்கொள்ளவாம்.

ஜெசீமா, என்றாள் வள்ளிப்பிள்ளை, சொல்லிவிட்டு அவசரமாகத் திருத்தினாள், சும்மா பேரச் சொல்லாத புள்ள, ஜெசீமா ராத்தா எண்டு சொல்லு, என்னவிட மூத்தவ, அவட பேர முதல்ல எழுதச் சொல்லு.