பெரிய வெள்ளியில் அடித்த மணி

செபஸ்தியாம்பிள்ளை கோயில் மணிக்குப் பொறுப்பாக இருந்த இருபத்திரண்டு வருசத்தில் ஒரு பிழையும் விட்டதில்லை. அதை வேறு யாரும் சொல்லத் தேவையில்லை, அவரே ஊரெல்லாம் சொல்லித் திரிவார். பெரிய வியாழன் பூசையில் 'உன்னதங்களிலே' பாடி முடிந்ததும் மணிக்கயிற்றைச் சுருட்டித் தூணோடு இறுக்கிக் கட்டிவிடுவார். ஆண்டவர் பாடுபட்டு மரித்த துக்கத்தில், சனி இரவுப் பூசை வரைக்கும் மணிக்கு வாயில்லை. மரக்கட்டை தட்டித்தான் சனத்தைக் கூப்பிட வேண்டும். இடையில் அந்தக் கயிற்றைத் தொடுகிறவன் ஆண்டவரை இரண்டாந்தரம் சிலுவையில் அறைகிறான் என்பார். எந்தப் பங்குச் சாமியும் அப்படிச் சொன்னதில்லை. அது அவருடைய சொந்தச் சரக்கு.

மற்ற நாட்களில் மணிக்கு இன்னொரு வேலையும் உண்டு. மழை மூடி, ஊரார் ஆறு என்கிற வாவியில் கரை தெரியாமல் போனால் அவர் விடாமல் அடிப்பார். தோணிக்காரர் எந்த மதமென்றாலும் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு கரைசேருவார்கள்.

அறுபத்திரண்டாம் ஆண்டுப் பெரிய வெள்ளி. சாமி சடங்கை முடித்துக்கொண்டு அடுத்த ஊர்க் கோயிலுக்குப் போய்விட்டார். உள்ளே சனம் ஆண்டவரின் பாடுகளைச் சொல்லும் பசாம் பாடிக்கொண்டிருந்தது. நாலரை மணிபோல அக்கரையில், படுவான்கரைப் பக்கம் வானம் கறுத்தது. ஐந்து மணிக்குள் காற்றும் மழையும் இடியுமாக ஒன்றாக வந்து இறங்க, வாவி இருந்த இடமே தெரியவில்லை.

புஸ்பம் நனைந்தபடி ஓடிவந்து கோயில் வாசலில் நின்றாள். அயல்வீட்டுச் சைவக்காரி, தோணிக்காரன் சீனித்தம்பியின் பெண்சாதி.

"அண்ணன், எங்கட மனிசன் விறகேத்த அக்கரைக்குப் போனவர் இன்னும் வரல்ல. நடு ஆத்துக்க நிக்கார். மணிய அடிங்க."

"இண்டைக்கு ஏலா புள்ள. பெரிய வெள்ளி."

"சாமிட்டக் கேளுங்களன்."

"சாமி இல்ல. இருந்தாலும் ஏலா. நான் அவனுக்காகச் செபம் சொல்றன்."

"நீங்க சொல்ற செபம் அவருக்குக் கேக்குமா அண்ணன்? மணிதானே கேக்கும்."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் அழுதுகொண்டே கரைப்பக்கம் ஓடினாள்.

செபஸ்தியாம்பிள்ளைக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அடித்தால் நரகம் என்று ஒரு பயம். அடிக்காவிட்டால் சீனித்தம்பி செத்துப்போவான் என்று இன்னொரு பயம். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி கண்டுபிடித்தவர்போல மரக்கட்டையை எடுத்துவந்து வாசலில் நின்று தட்டினார். அந்த மழையில் அது பத்தடி தூரத்துக்குக்கூடக் கேட்டிருக்காது. கேட்காது என்று அவருக்கும் தெரியும். தெரிந்தும் விடாமல் தட்டினார்.

புஸ்பம் திரும்பி வந்தாள். இந்தமுறை அழவில்லை.

"அண்ணன், உங்கட றோஸ்மேரியும் அந்தத் தோணியிலதான் வாறாவாம்."

றோஸ்மேரி அவருக்கு ஒரே பிள்ளை. அக்கரையில் வெல்லாவெளிப் பக்கம் படிப்பிக்கிறாள். திருநாளுக்கு வருவாள் என்று காலையிலிருந்து பஸ் பார்த்துப் பார்த்து அவர் கண் பூத்துப்போயிருந்தது. யார் சொன்னது என்றுகூட அவர் கேட்கவில்லை. மரக்கட்டையைப் போட்டுவிட்டுத் தூணடிக்குப் பாய்ந்தார். அவரே போட்ட முடிச்சு அவருக்கே அவிழவில்லை. பல்லால் கடித்து இழுத்து அவிழ்த்து, கயிற்றில் தொங்கினார்.

மணி அடித்தது. உள்ளே பசாம் பாதியில் நின்றது.

சனம் வாசலுக்கு வந்து வாய்பிளந்து நின்றது. பீற்றிஸ் கிழவி தலையிலடித்துக்கொண்டு "ஐயோ, பாவம்! பாவம்!" என்று கத்தினாள். கோயில் மூப்பர் ஹெக்டர் வந்து கையைப் பிடித்தார்.

"உனக்கென்ன விசரா? விடு கயித்த!"

"என்ர புள்ள ஆத்துக்க நிக்காள்! விடுங்க என்ன!"

ஹெக்டர் கையை எடுத்துவிட்டார். ஒவ்வொரு இடிக்கும் இதோ தன் தலையில்தான் விழப்போகிறது என்று செபஸ்தியாம்பிள்ளை கண்ணை மூடினார். மூடிக்கொண்டே அடித்தார். மகளின் முகம் தண்ணீருக்குள் போய்ப்போய் வந்தது. ஆண்டவரே, என்னை என்னவும் செய்யும், அவளை விட்டுவிடும் என்று வாய்விட்டே அழுதார். எவ்வளவு நேரம் அடித்தாரோ, தோள் மரத்துப்போனது. மழை கொஞ்சம் விலக, தண்ணீர்ப் பக்கமிருந்து ஒரு கூவல் கேட்டது.

கயிற்றை ஹெக்டரின் கையில் திணித்துவிட்டு ஓடினார். இடுப்பளவு தண்ணீரில் இறங்கித் தோணியின் விளிம்பைப் பிடித்தார். விறகு முழுவதையும் வாவியில் தள்ளிவிட்டு, குளிரில் பல் கிட்டிப்போய்ச் சீனித்தம்பி தனியே இருந்தான்.

"றோஸ்மேரி எங்க? விழுந்திட்டாளா? சொல்லடா!"

"றோஸ்மேரியா? அவ ஏறவே இல்லியே அண்ணன். காலைல அங்க கண்டன். ஆத்தால வரப் பயமாம், நாளைக்கு பஸ்ஸில வாறனெண்டு உங்களிட்டச் சொல்லச் சொன்னவ."

செபஸ்தியாம்பிள்ளை அப்படியே தண்ணீருக்குள் உட்கார்ந்துவிட்டார். பிள்ளை உயிரோடு இருக்கிறாள் என்ற நிம்மதி நெஞ்சை நிறைத்தது. அதற்குப் பின்னால் கோபம் வந்தது. எழுந்து கரைக்கு வந்தார். புஸ்பம் சீலைத் தலைப்பால் புருசனின் தலையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"பொய்யா சொன்ன நீ? இண்டைக்கு, கோயில் வாசல்ல நிண்டு?"

அவள் அவர் முகத்தை நேரே பார்த்தாள்.

"ஓம் அண்ணன், பொய்தான். முதல் உண்மையத்தானே சொன்னன். அதுக்கு நீங்க அடிக்கல்லியே."